விலாங்குகளின் ஊரில் ஒரு பயிற்சியாளர் தேடல்!

சிட்னியின் சர்குலர் கீ படகுத்துறையிலிருந்து பாரமட்டாவுக்கு ரயிலில் போனால் சீக்கிரமே போய்விடலாம். படகில் போனால் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். ஆனாலும் முதன்முறை போகிறவர்கள் படகில் போவதே நல்லது. ஹார்பர் பாலத்துக்கு அடியில் நுழைந்து, பால்மெய்ன் வீடுகளைக் கடந்து, காக்கட்டூ தீவைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பும்போது கடல் மெல்ல ஆறாக மாறும். ஒலிம்பிக் பூங்காவைத் தாண்டிவிட்டால் இரு கரையிலும் அலையாத்திக் காடு. படகு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆறு அவ்வளவு ஒடுங்கிவிடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பாரமட்டா வரை படகே போகாது. பாதி வழியில் இறக்கி, பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

இந்த ஆற்றுக்கு வேறு பயணிகளும் உண்டு. விலாங்கு மீன்கள்! நீண்ட துடுப்பு விலாங்குகள் பல ஆண்டுகள் இந்த ஆற்றில் வளர்ந்து, வயது முதிர்ந்ததும் கடலில் இறங்கி, பசிபிக்கில் வெகுதூரம் வடக்கே போய் முட்டையிட்டுச் சாகின்றன. குஞ்சுகள் கடல் நீரோட்டத்தோடு மிதந்து திரும்பி வந்து ஆறுகளில் ஏறுகின்றன. இந்த மண்ணின் பூர்வகுடிகளான தாருக் மக்கள் இந்த இடத்தை 'பரமட்டா' என்றார்கள். விலாங்குகள் படுத்துக்கிடக்கும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1788-ல் பிரிட்டிஷார் வந்து குடியேறி முதலில் ரோஸ் ஹில் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பூர்வகுடிகளின் பெயரே நின்றது.

ஊரின் ரக்பி லீக் அணிக்கும் அதே பெயர்தான். பாரமட்டா ஈல்ஸ். அதாவது, பாரமட்டா விலாங்குகள்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. இந்த அணியின் வரலாறும் அப்படித்தான். ஒரு வருடம் இறுதிப்போட்டி. இன்னொரு வருடம் பட்டியலின் கடைசி இடம். 2022-ல் இறுதிப்போட்டி வரை போன அணி, 2024-ல் கடைசி இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அந்த வருட மே மாதம், பத்தாண்டுக்கும் மேலாக அணியை வழிநடத்திய பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதியவரைத் தேட ஆரம்பித்தது கிளப். அந்தத் தேடலின் கதைதான் இது. அதைப் புரிந்துகொள்ள, ஊரையும் கொஞ்சம் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கபடி மாதிரி... ஆனால் கபடி அல்ல!

முதலில் ஆட்டம். இலங்கையிலிருந்து போன தமிழர்களுக்கு 'ரகர்' என்றால் தெரியும். கொழும்பிலும் கண்டியிலும் பள்ளிக்கூட ரகர் போட்டிக்குத் திருவிழாக் கூட்டம் சேரும். ஆனால், அது ரக்பி யூனியன். ஓர் அணிக்கு 15 பேர். சிட்னியின் மேற்குப் பகுதி உயிரை விடுவது ரக்பி லீக்குக்கு. இதில் 13 பேர்.

இரண்டும் பிரிந்தது பணத்தால். 1895-ல் வட இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்தில் கூடிய கிளப்புகள், 'சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவர் ஆட்டத்துக்காக ஒருநாள் லீவு போட்டால், அந்த நாள் கூலியைக் கொடுப்பதில் என்ன தவறு?' என்று கேட்டுத் தனியே பிரிந்தன. அதனால் லீக் ஆரம்பத்திலிருந்தே உழைக்கும் மக்களின் ஆட்டம். 1908-ல் சிட்னிக்கும் வந்துவிட்டது.

விதி எளிது. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். பக்கத்திலோ பின்னாலோதான் கைமாற்றலாம், முன்னால் எறியக் கூடாது. எதிரணி பிடித்து மடக்கினால் ஒரு கணக்கு. ஆறு முறை மடக்கப்படுவதற்குள் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் 'ட்ரை', 4 புள்ளிகள். அதன் பிறகு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் இன்னும் 2. மொத்தம் 80 நிமிடம். பாடிப் போகிறவரை நான்கு பேர் அமுக்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஐந்து நிமிடத்தில் ஆட்டம் பிடிபட்டுவிடும்.

என்.ஆர்.எல் எனப்படும் தேசிய ரக்பி லீக்கில் 2024-ல் 17 அணிகள் ஆடின. முதலிடம் பிடிப்பவருக்குக் கேடயம், இறுதிப்போட்டியில் வெல்பவருக்குக் கோப்பை. கடைசி இடத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: 'மரக்கரண்டி'. கையில் எதுவும் கொடுக்க மாட்டார்கள். ஆனால், அந்தக் கரண்டியை ரசிகர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள்.

எரிந்த மைதானம்

படகுத்துறையில் இறங்கி ஆற்றோரமாகவே நடந்தால் லெனாக்ஸ் பாலம் வரும். 1839-ல் மணற்கல்லில் கட்டியது. அதைக் கடந்து இன்னும் கொஞ்சம் போனால், இடப்பக்கம் பாரமட்டா பூங்கா. கிளைகளில் தலைகீழாகத் தொங்கும் வௌவால் கூட்டம், மேட்டில் வெள்ளைச் சுவரோடு பழைய கவர்னர் மாளிகை. யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இருக்கும் கட்டடம் அது. அதற்குப் பக்கத்திலேயே, 30,000 பேர் உட்காரும் புத்தம்புது ஸ்டேடியம். 2019-ல் திறந்தது.

இந்த இடத்தில் முன்பு இருந்தது கம்பர்லேண்ட் ஓவல் என்கிற பழைய மைதானம். 1947-ல் லீக்கில் சேர்ந்த பாரமட்டா, அங்கேதான் ஆடியது. ஆடியது என்பதைவிடத் தோற்றது என்பதே சரி. 1956 முதல் 1961 வரை தொடர்ந்து ஆறு வருடம் மரக்கரண்டி! ஆறு வருடமும் மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்கள் என்பதுதான் ஆச்சர்யம்.

1962-ல் கென் கெர்னி என்பவர் வந்தார். அப்போது அசைக்க முடியாத அணியாக இருந்த செயின்ட் ஜார்ஜில் ஆடியவர். பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றார். அந்த வருடமே பாரமட்டா முதன்முறையாக இறுதிச்சுற்றுகளுக்குள் நுழைந்தது. 'சரியான ஆள் ஒருவர் வந்தால் எல்லாம் மாறிவிடும்' என்கிற நம்பிக்கை இந்த ஊருக்கு வந்தது அப்போதுதான். அந்த நம்பிக்கை அணிக்கு வரமாகவும் இருந்தது, சாபமாகவும் இருந்தது.

1976, 1977 இரண்டு வருடமும் இறுதிப்போட்டியில் தோல்வி. 1977-ல் முதல் ஆட்டம் 9-9 என்று சமனாகி, மறுபடி ஆடி, 22-0 என்று தோற்றார்கள். பிறகு 1981-ல் ஜாக் கிப்சன் வந்தார். ஏற்கெனவே ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் அணிக்கு 1974, 1975-ல் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சிமுறைகளைக் கவனித்து, யார் எத்தனை முறை மடக்கினார் என்று கணக்கெடுப்பதை இங்கே பழக்கியவர். அந்த வருடமே நியூடவுனை 20-11 என்று வென்று, பாரமட்டா தன் முதல் கோப்பையைத் தூக்கியது.

34 வருடக் காத்திருப்பு. அன்றிரவு கம்பர்லேண்ட் ஓவலில் கூடிய ரசிகர்கள், சந்தோஷம் தலைக்கேறி, தங்கள் சொந்த மைதானத்தின் பழைய மரப் பார்வையாளர் மாடத்தைத் தீவைத்து எரித்துவிட்டார்கள்!

சொந்த மைதானம் இல்லாமல் அடுத்த சில வருடங்களை பெல்மோரில் ஆடினார்கள். 1982, 1983-லும் கோப்பை. 1986-ல் புது ஸ்டேடியத்தை எலிசபெத் மகாராணி திறந்து வைத்தார். அதே வருடம், ஜான் மோனியின் பயிற்சியில், கேன்டர்பரியை 4-2 என்று தோற்கடித்தார்கள். இரு அணிகளும் ஒரு ட்ரைகூட வைக்காத இறுதிப்போட்டி அது. ரே பிரைஸ், மிக் க்ரோனின் என்கிற இரண்டு நாயகர்களுக்கும் அதுதான் கடைசி ஆட்டம்.

அணியின் கடைசிக் கோப்பையும் அதுவே. 2025 சீசன் முடிந்த கணக்கில், அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 1986-ல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த குழந்தைகளுக்கு இப்போது நரைத்துவிட்டது.

வந்தவர்களும் போனவர்களும்

நடுவில் கைக்கெட்டிய தூரத்தில் மூன்று வாய்ப்புகள் வந்தன. 2001-ல் பட்டியலில் முதலிடம் பிடித்துவிட்டு, இறுதிப்போட்டியில் நியூகாசிலிடம் 30-24 என்று தோல்வி. 2009-ல் ஜாரிட் ஹேன் என்கிற இளைஞர் காட்டிய மாயத்தில் கீழிருந்து ஏறி இறுதிப்போட்டிக்கு வந்து, மெல்போர்னிடம் 23-16 என்று தோல்வி. சம்பள உச்சவரம்பு விதியை மீறியதற்காக அந்த மெல்போர்ன் அணியின் பட்டம் அடுத்த வருடமே பறிக்கப்பட்டது. ஆனால், அதைத் தோற்றவருக்குக் கொடுக்கவில்லை. 2022-ல் பென்ரித்திடம் 28-12.

இடைப்பட்ட காலத்தில் பயிற்சியாளர் நாற்காலி சூடு ஆறவே இல்லை. 2007 முதல் 2013 வரை ஏழு சீசன்களில் நான்கு முழுநேரப் பயிற்சியாளர்கள். 2009-ல் இறுதிப்போட்டி வரை கொண்டுபோன டேனியல் ஆண்டர்சனை 2010 முடிவில் அனுப்பினார்கள். அடுத்து வந்தவர் ஸ்டீபன் கெர்னி. 2008-ல் நியூசிலாந்துக்கு உலகக்கோப்பை வாங்கித் தந்தவர். மெல்போர்னின் புகழ்பெற்ற பயிற்சியாளர் கிரேக் பெல்லமியிடம் உதவியாளராக இருந்தவர். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சிறந்த தேர்வு கிடையாது. இரண்டாவது சீசன் முடியும் முன்பே அவர் போய்விட்டார். அணிக்கு மரக்கரண்டி.

'இளம் ஆள் வேண்டாம், அனுபவசாலி வேண்டும்' என்று 2013-ல் ரிக்கி ஸ்டூவர்ட்டை அழைத்து வந்தார்கள். அவர் வேண்டாத வீரர்களின் பெயர்களைத் திரையில் போட்டுக் காட்டினார் என்று அப்போதைய செய்திகள் சொல்லின. மறுபடியும் மரக்கரண்டி. ஒரே சீசனில் அவர் கான்பெராவுக்குக் கிளம்பிவிட்டார்.

அனுபவம் இல்லாதவரும் தோற்றார், அனுபவம் உள்ளவரும் தோற்றார். அப்போது உள்ளே வந்தவர்தான் பிராட் ஆர்தர். 2012-ல் கெர்னி போனபோது சில ஆட்டங்களுக்குத் தற்காலிகமாகப் பொறுப்பில் இருந்தவர். பெரிய பெயர் இல்லை. 2014-ல் பொறுப்பேற்றார். 2016-ல் கிளப் சம்பள உச்சவரம்பை மீறியது அம்பலமாகி, 12 புள்ளிகள் பறிக்கப்பட்டு, 10 லட்சம் டாலர் அபராதம் விழுந்தபோதும், நிர்வாகிகள் மாறினார்கள், அவர் மாறவில்லை. 2018-ல் மரக்கரண்டி வாங்கியபோதும் கிளப் அவரை வைத்துக்கொண்டது. அந்தப் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 2019 முதல் 2022 வரை தொடர்ந்து நான்கு வருடம் இறுதிச்சுற்றுகள். நான்காவது வருடம் இறுதிப்போட்டி.

அவருடைய மகன் ஜேக்கப்பும் அதே அணியில் ஆடினார். சொந்த மைதானத்தில் சொந்த ரசிகர்களே அந்த இளைஞரைக் கூச்சலிட்டுக் கேலி செய்ததும் நடந்தது. பிறகு ஜேக்கப் வேறு கிளப்புக்கு மாறினார். பயிற்சியாளர் வேலை என்றால் வெறும் ஆட்ட நுணுக்கம் என்று நினைக்கிறவர்கள், அந்தக் கூச்சலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அப்பாவை நினைத்துப் பார்க்கலாம்.

2024-ல் அணியின் மூளையான மிட்செல் மோசஸ் சீசன் தொடக்கத்திலேயே காலில் அடிபட்டு வெளியேறினார். தோல்விகள் அடுக்கின. மே மாதம் மெல்போர்னிடம் 48-16. அடுத்த சில நாள்களில் ஆர்தரின் பத்தாண்டுப் பயணம் முடிந்தது. உதவியாளராக இருந்த ட்ரென்ட் பாரெட் மீதி சீசனுக்குத் தற்காலிகப் பொறுப்பேற்றார். ஆர்தர் அதே வருடம் இங்கிலாந்தின் லீட்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகிப் போனார்.

நான்கு கதவுகள்

இனி யார்? எந்த அணியாக இருந்தாலும் இந்த இடத்தில் நான்கு வழிகள்தான். நான்குக்கும் உதாரணம் தேட பாரமட்டா வெகுதூரம் போகத் தேவையில்லை. எல்லாம் சிட்னிக்குள்ளேயே இருந்தன.

முதல் வழி, மண்ணின் மைந்தன். ரசிகர்கள் கும்பிடும் முன்னாள் நாயகனைக் கொண்டு வருவது. பக்கத்து வெஸ்ட்ஸ் டைகர்ஸ் அதைத்தான் செய்தது. 2005-ல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் டிம் ஷீன்ஸையும், அந்த அணியின் செல்லப்பிள்ளை பெஞ்சி மார்ஷலையும் சேர்த்து அழைத்து வந்தது. திட்டமிட்டதற்கு முன்பாகவே ஷீன்ஸ் விலக, 2024-ல் மார்ஷல் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2022, 2023, 2024 மூன்று வருடமும் டைகர்ஸுக்கு மரக்கரண்டிதான். பாசம் மட்டுமே உடனே புள்ளி கொடுத்துவிடாது.

இரண்டாவது, வெளியே அனுப்பியவரையே திரும்பக் கூப்பிடுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், மேற்கே நீலமலை அடிவாரத்தில் இருக்கும் பென்ரித் அதைச் செய்து காட்டியது. 2015-ல் வேலையை விட்டு அனுப்பிய ஐவன் கிளியரியை 2019-ல் திரும்ப அழைத்தது. 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு கோப்பைகள்! அதுவும் பெரும்பாலும் தன் பகுதிப் பையன்களை வளர்த்தே.

மூன்றாவது, அனுபவசாலி. 2013-ல் பாரமட்டா கைசுட்டுக்கொண்ட வழி.

நான்காவது, வெற்றிபெற்ற வீட்டில் தொழில் பழகிய உதவியாளர். கேன்டர்பரி புல்டாக்ஸ் பென்ரித்திலிருந்து கேமரன் சிரால்டோவை அழைத்து வந்தது இப்படித்தான். முதல் வருடம் 15-வது இடம். அவசரப்படாமல் இருந்தார்கள். அடுத்த வருடம் 6-வது. அதற்கடுத்த வருடம் 3-வது.

பாரமட்டா நான்காவது கதவைத் தட்டியது. 2024 ஜூலையில் ஜேசன் ரைல்ஸின் பெயரை அறிவித்தது. நான்கு வருட ஒப்பந்தம்.

ரைல்ஸ் முன்வரிசையில் மோதி ஆடிய வீரர். செயின்ட் ஜார்ஜ் இலவாராவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடியவர். மெல்போர்னில் பெல்லமியிடம் உதவியாளர். பிறகு எடி ஜோன்ஸ் கீழ் இங்கிலாந்தின் ரக்பி யூனியன் அணியில் வேலை. அப்புறம் சிட்னி ரூஸ்டர்ஸ். மறுபடி மெல்போர்ன். 2023-ல் அவருடைய பழைய கிளப்பே தலைமைப் பொறுப்புக்குப் பேச்சு நடத்தியபோது, வேண்டாம் என்று விலகிக்கொண்டவர். கிடைத்த முதல் நாற்காலியில் உட்காராமல், தனக்கேற்ற நாற்காலி வரும் வரை காத்திருந்தவர்.

ஆனால், ஊர்ப் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்திருப்பார்கள். மெல்போர்ன் பள்ளிக்கூடம்... பெல்லமியின் உதவியாளர்... கிளப் அணியில் தலைமைப் பொறுப்பு முதன்முறை... இதே வரிகளைத்தானே கெர்னி வந்தபோதும் சொன்னார்கள்? அப்போது இரண்டு வருடம்கூடத் தாங்கவில்லையே!

அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நல்ல சமையல்காரரிடம் பழகியவர் என்பதால் மட்டும் எந்த அடுப்பிலும் அதே ருசி வந்துவிடாது. மெல்போர்னில் வீரர் தேர்வு, உடற்பயிற்சி, இளைஞர் பயிற்சி எல்லாம் பல வருடங்களாக ஓர் ஒழுங்கில் ஓடுகிற இயந்திரம். தோற்கும் அணிக்குப் போகிறவருக்கு அந்த இயந்திரம் கிடைப்பதில்லை. அதை அவரே கட்ட வேண்டும். கட்டி முடிக்கும் வரை கிளப் பொறுக்குமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2012-ல் பாரமட்டா பொறுக்கவில்லை. 2018-ல் பொறுத்தது. பயிற்சியாளர் தேர்வு என்பது ஆளைத் தேர்ந்தெடுப்பதோடு முடிவதில்லை. எத்தனை தோல்வி வரை அந்த ஆளோடு நிற்போம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

கரண்டிக்கு ஒரு போட்டி

புதியவர் வருவதற்கு முன்பு ஒரு கண்டம் தாண்ட வேண்டியிருந்தது. 2024 சீசனின் கடைசி வாரம். பாரமட்டாவும் வெஸ்ட்ஸ் டைகர்ஸும் கேம்பெல்டவுனில் மோதின. தோற்பவருக்கு மரக்கரண்டி. இந்த இரு அணிகளும் ஈஸ்டர் திங்கள்கிழமை மோதிக்கொள்வது மேற்கு சிட்னியின் குடும்ப விழா. 2019-ல் புது ஸ்டேடியத்தின் முதல் லீக் ஆட்டமும் அதுதான். அன்று பாரமட்டா 51-6 என்று வென்றிருந்தது. இந்தமுறை கடைசி இடத்துக்குப் போகாமல் தப்பிக்கும் போட்டி. 60-26 என்று பாரமட்டா தப்பித்தது. கோப்பைக்கு அல்ல, கரண்டிக்குத் தப்பியதற்கே ரசிகர்கள் துள்ளினார்கள். 17 அணிகளில் 15-வதோ 17-வதோ என்பது வெளியூர்க்காரருக்கு ஒன்றுதான். உள்ளூர்க்காரருக்கு அது மானப் பிரச்னை.

ரைல்ஸ் வந்ததும் எடுத்த முடிவுகள் இனிப்பானவை அல்ல. ஓடி ஓடி உழைத்த கேப்டன் கிளின்ட் கதர்சன் வேறு அணிக்குப் போனார். ரசிகர்கள் 'மன்னர்' என்றே கூப்பிட்டவர் அவர். முன்வரிசைத் தூண் ரீகன் கேம்பெல்-கில்லார்டும் கிளம்பினார். இளம் திறமையான பிளேஸ் தலாகி பென்ரித்துக்குப் போய்விட்டார். கதர்சன் நின்ற இடத்தில் பென்ரித்தில் வளர்ந்த இளைஞர் ஐசயா இயோங்கியை நிறுத்தினார்கள். 2025 சீசன் ஆரம்பித்த சூட்டோடு, டிலன் பிரவுன் அடுத்த வருடம் முதல் நியூகாசிலுக்குப் போவதாகப் பத்து வருட ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது.

முதல் ஆட்டம் எங்கே, யாருடன் தெரியுமா? மெல்போர்னில், மெல்போர்னுடன். பாடம் படித்த பள்ளிக்கூடத்திலேயே பரீட்சை. 56-18 என்று தோல்வி!

பழைய பாரமட்டாவாக இருந்தால் அடுத்த மாதமே முணுமுணுப்பு எழுந்திருக்கும். இந்தமுறை நிர்வாகம் அசையவில்லை. சீசன் போகப் போக இளைஞர்கள் காலூன்றினார்கள். கடைசி வாரம், நியூகாசிலில் ஆட்டம். 66-10 என்று பாரமட்டா வென்றது. 10 வெற்றிகளோடு 11-வது இடம். இறுதிச்சுற்றுக்குப் போதவில்லை. ஆனால், போன வருடத்தைவிட நான்கு படி மேலே.

அன்று மரக்கரண்டி வாங்கியது நியூகாசில். அந்த அணியின் பயிற்சியாளர் ஆடம் ஓ'பிரையனுக்கும் அதுவே விடைபெறும் ஆட்டம். அவரும் பெல்லமியிடம் உதவியாளராக இருந்தவர்தான். பாரமட்டா ரசிகர்கள் கொண்டாடிய அதே மாலையில், வடக்கே ஓர் ஊர் அடுத்தவரைத் தேடும் வேலையில் இறங்கியிருந்தது.

ஒரு சனிக்கிழமை போய்ப் பார்க்கலாம்

சிட்னி போகிறவர்கள் ஓபரா ஹவுஸோடு திரும்பிவிடாமல் பாரமட்டாவுக்கு ஒருநாள் ஒதுக்கலாம். சீசன் மார்ச்சில் தொடங்கும். செப்டம்பர் வரை வார இறுதிகளில் ஆட்டம் இருக்கும். அங்கே அது பெரும்பாலும் குளிர்காலம் என்பதால் ஸ்வெட்டர் அவசியம்.

காலையில் மேஸ் ஹில்லில் இருக்கும் சிட்னி முருகன் கோயிலில் இருந்து ஆரம்பிக்கலாம். ஸ்டேடியத்திலிருந்து காரில் சில நிமிடங்கள்தான். சுற்றுவட்டாரமான வெஸ்ட்மீட், வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி எல்லாம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த பகுதிகள். பலசரக்குக் கடைகளில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும். பாரமட்டாவுக்கு அடுத்த ஸ்டேஷனான ஹாரிஸ் பார்க், சிட்னியின் 'குட்டி இந்தியா'. விக்ரம் தெருவில் தோசைக்கும் சாட்டுக்கும் வரிசை நிற்கும். அங்கிருந்து சர்ச் தெரு வழியாக நடந்தால் ஆற்றுக்கு வந்துவிடலாம். 2024 டிசம்பரில் ஓடத் தொடங்கிய லைட் ரயில், வெஸ்ட்மீட்டையும் கார்லிங்ஃபோர்டையும் இணைத்துக்கொண்டு ஊரின் நடுவே போகிறது.

ஆட்ட நாளில் நீல, மஞ்சள் சட்டைகள் எல்லாத் திசையிலிருந்தும் ஸ்டேடியத்தை நோக்கி வரும். லெபனான், சமோவா, டோங்கா, இந்தியா, இலங்கை, சீனா என்று உலகமே குடியேறிய பகுதி இது. வீட்டில் பேசும் மொழி வேறு, சாப்பாடு வேறு. ஆனால், ஆறாவது முறை மடக்கப்படும்போது எழும் சத்தம் ஒன்று. பள்ளிக்கூடத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தயங்கும் புதுப் பையனுக்கு, 'நேற்று ஆட்டம் பார்த்தியா?' என்பதைவிட எளிதான ஆரம்பம் இருக்க முடியாது. கிளப் தோற்கும்போது ஊர் வருந்துவதற்கும், பயிற்சியாளர் தேர்வை வீட்டுக் கல்யாணப் பேச்சுபோல ஆளாளுக்கு அலசுவதற்கும் காரணம் இதுதான். அது அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் ஒரே சொத்து.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அவசரப்படாமல் ஆற்றோரமாகவே படகுத்துறைக்குத் திரும்பலாம். பூங்காவிலிருந்து வௌவால்கள் இரை தேடிக் கிளம்பியிருக்கும். தண்ணீர் கறுத்துக் கிடக்கும். அடியில் எங்கோ விலாங்குகள் படுத்திருக்கும். கடலுக்குக் கிளம்பும் வயது வர அவற்றுக்குப் பல வருடங்கள் ஆகும். யாரும் அவற்றை அவசரப்படுத்துவதில்லை.

ரைல்ஸுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 2028 வரை. அதற்குள் ஒரு மோசமான சீசன் வந்தே தீரும், எல்லோருக்கும் வரும். அன்று இந்த ஊர் 2012-ல் செய்ததைச் செய்யுமா, 2018-ல் செய்ததைச் செய்யுமா? பாரமட்டா தேர்ந்தெடுத்தது சரியான ஆளைத்தானா என்பது அப்போதுதான் தெரியும்.

படகில் திரும்ப நினைப்பவர்கள் மட்டும் தண்ணீர் வற்றும் நேரத்தை முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஸ்தான்!